மிலோஷின் பக்கம் பேசியவள்

பெல்கிரேட்
22 அக்டோபர் 1967

அன்புள்ள அத்தான்,

வந்து சேர்ந்த தந்தி கிடைத்திருக்கும். அதற்கு மேல் எழுத உட்கார முடியவில்லை. எங்கேயுமே உட்கார முடியவில்லை என்பதுதான் நிஜம். அறைக்குள் இருந்தால் வெளியே போகத் தோன்றுகிறது. வெளியே போனால் அறைக்கு ஓடி வரத் தோன்றுகிறது. நம் பியூலா தூங்கப் போகும் நேரம் இங்கே பிற்பகல். அந்த நேரத்தில் யார் பேசினாலும் என் காதில் விழுவதில்லை. மூன்று வயதுப் பிள்ளையை விட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்று இங்கே ஒருவரிடமும் சொல்லவில்லை.

விடுதி சாவா ஆற்றுக்கு இக்கரையில், புது பெல்கிரேடில் இருக்கிறது. பாலத்தைத் தாண்டினால் பழைய நகரம். சாவாவும் டான்யூபும் சேரும் இடத்தில் மேட்டின்மேல் கலெமெக்தான் கோட்டை நிற்கிறது. நூறு வருஷத்துக்கு முன்னால் துருக்கிப் படை அந்தக் கோட்டையின் சாவிகளைச் செர்பியர்களிடம் கொடுத்துவிட்டுப் போனது. அதன் நினைவாக இந்த வருஷம் அங்கே ஒரு கல் வைத்திருக்கிறார்கள். அதன் முன்னால் நின்றபோது உங்களைத்தான் நினைத்தேன். இந்த ஊரை முதலில் பார்த்திருக்க வேண்டியவர் நீங்கள். அறுபத்து நான்கில் இதே உதவித்தொகைக்கு நீங்கள் போட்ட விண்ணப்பத்தை அந்தக் கமிட்டி திருப்பி அனுப்பியிருக்காவிட்டால் நான் சேலையூரில் குழந்தையோடு இருந்திருப்பேன், நீங்கள் இங்கே குளிரில் நடுங்கியிருப்பீர்கள்.

துருக்கி சுல்தானுக்கு வரி கட்டிக்கொண்டிருந்த செர்பிய மாகாணம் எப்படி ஒரு நாடானது என்பதைத்தான் என் ஆய்வில் எழுதப் போகிறேன். ஒரே வருஷம். அடுத்த அக்டோபரில் வீட்டில் இருப்பேன்.

படப்பையில் பள்ளிக்கூட வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து நம் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டிய அவசியம் ரத்தினபாய் அக்காவுக்கு இல்லை. உங்கள் உடன்பிறந்தவர் என்பதற்காகச் செய்கிறார்கள். என் நன்றியைச் சொல்லுங்கள்.

ஜோதி


சேலையூர்
14 நவம்பர் 1967

கர்த்தருக்குள் அன்பான ஜோதிக்கு,

உன் கடிதத்தைப் பள்ளி ஆசிரியர் அறையில் வாசித்துக் காட்டினேன். மனைவியை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு இங்கே சோற்றுக்கு அலைகிறவன் என்று என்னைக் கேலி செய்துகொண்டிருந்தவர்கள்கூடக் கோட்டைச் சாவி வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எங்கள் குரோம்பேட்டைப் பள்ளியில் பெல்கிரேடைப் பற்றி இத்தனை பேர் பேசியது இதுவே முதல் தடவையாக இருக்கும்.

கமிட்டியைப் பற்றி மறுபடி எழுதாதே. அது முடிந்த விஷயம்.

பியூலா சுகம். விமானப்படை மைதானத்திலிருந்து பயிற்சி விமானம் எழும்பும்போதெல்லாம் "அம்மா போறாங்க" என்று கை காட்டுகிறாள். இறங்கும்போது "அம்மா வர்றாங்க". ஒரு நாளில் நீ எத்தனை தரம் போய் வருகிறாய் என்று எனக்கே கணக்கு விட்டுப்போகிறது.

எனக்காக ஒன்று செய். தொபோலாவுக்குப் போ. கராஜோர்ஜேயின் ஊர் அது. சுல்தானையே எதிர்த்து எழுந்து நின்ற பன்றி வியாபாரி! ஒன்பதாம் வகுப்பில் வருஷா வருஷம் அவனைப் பற்றிச் சொல்கிறேன், பாடத்திட்டத்தில் இல்லாவிட்டாலும். அவன் நடந்த மண்ணை நீ பார்த்துவிட்டு எழுதினால் நான் பார்த்த மாதிரி.

தேவானந்தம்


பெல்கிரேட்
18 பிப்ரவரி 1968

அன்புள்ள அத்தான்,

தொபோலா போய் வந்தேன். ஆவணக் காப்பகத்தில் வேலை பார்க்கும் மிலேவா என்ற அம்மாளுக்கு அது சொந்த ஊர். பனி முழங்கால்வரை கிடந்தது. கராஜோர்ஜே கட்டிய கோயிலையும் அவர் வீட்டின் மிச்சத்தையும் பார்த்தேன். 1804-ல் ஊர்த் தலைவர்கள் ஓராஷாட்ஸ் கிராமத்தில் கூடி அவரைத் தலைவராக்கினார்கள். ஒன்பது வருஷம் தாக்குப்பிடித்தார். சண்டைக்கு நடுவிலேயே ஒரு ஆட்சி மன்றம், நீதிமன்றங்கள், பெல்கிரேடில் ஒரு பெரிய பள்ளிக்கூடம் எல்லாம் வந்தன. 1813-ல் துருக்கிப் படை திரும்பி வந்து எல்லாவற்றையும் கொளுத்தியது. அவர் ஆற்றைக் கடந்து ஆஸ்திரியாவுக்குத் தப்பினார்.

நீங்கள் வகுப்பில் இந்த இடத்தில் நிறுத்திவிடுவீர்கள். நம் கல்யாணத்துக்கு முன்னால் எனக்குச் சொன்னபோதும் இங்கேதான் நிறுத்தினீர்கள். மீதியை நான் இப்போதுதான் வாசிக்கிறேன்.

இரண்டு வருஷம் கழித்து மிலோஷ் என்பவர் எழுந்தார். எழுதப் படிக்கத் தெரியாத மனிதர். சில மாதங்கள்தான் சண்டை போட்டார். பிறகு துருக்கி ஆளுநரான பாஷாவோடு உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்: வரியை நாங்களே வசூல் செய்து தருகிறோம், எங்கள் வழக்கை நாங்களே விசாரித்துக்கொள்கிறோம். கொஞ்சம் கொடுப்பார், கொஞ்சம் வாங்குவார், லஞ்சமும் கொடுப்பார். 1817-ல் கராஜோர்ஜே ரகசியமாக நாடு திரும்பினார். மிலோஷ் ஆள் அனுப்பினார். தூங்கிக்கொண்டிருந்தவரைக் கொன்று தலையைச் சுல்தானுக்கு அனுப்பினார்கள்.

இதை வாசித்த அன்று புத்தகத்தை மூடிவிட்டு அறைக்கு வந்துவிட்டேன். ஆனால் அத்தான், 1830-ல் சுல்தானின் சாசனம் வந்தபோது வாங்கியது மிலோஷின் கைதான். சொந்த நிர்வாகம், பரம்பரை ஆட்சி, துருக்கியர் கோட்டைகளுக்குள் மட்டுமே இருக்கலாம். வீரன் எழுப்பியது எரிந்துபோனது. இந்த மனிதர் பேரம் பேசி வாங்கியது நின்றது. இதைத்தான் நான் எழுத வேண்டும் போலிருக்கிறது.

இதை மிலேவாவிடம் சொல்லித் தொலைத்தேன். "எங்க ஊர் மண்ணில நின்னுக்கிட்டு அந்தப் பேரைச் சொல்லாதே" என்றார். திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கம் திரும்பவே இல்லை.

ஜோதி


சேலையூர்
10 மார்ச் 1968

ஜோதி,

மிலேவா அம்மாளுக்கு என் வணக்கத்தைச் சொல். இங்கிருந்து அவ்வளவு தூரத்தில் எனக்கு ஒரு தோழி இருக்கிறார் என்று தெரிந்ததில் சந்தோஷம்.

மிச்சக் கதை எனக்குத் தெரியாது என்று நினைத்தாயா? தெரியும். பதினாலு வயதுப் பிள்ளைகளிடம் எதைச் சொல்வது, எதை விடுவது என்று யோசித்துத்தான் விட்டேன். உன்னிடமும் அப்படித்தான். நின்றது, நின்றது என்கிறாய். நிற்பது மட்டுமா பெரிது? தன் தலைவனாயிருந்தவனின் தலையை அனுப்பி வாங்கிய சாசனத்தை நீ மெச்சிக்கொள். நான் கராஜோர்ஜேயோடு இருந்துகொள்கிறேன். இந்தக் கடிதத்தை நான் ஆசிரியர் அறையில் வாசிக்கவில்லை.

பியூலாவுக்குத் தலையில் பேன். அக்கா முடியை ஒட்ட வெட்டிவிட்டார்கள். உன்னைக் கேட்டிருக்க வேண்டும் என்று சொல்வாய். கேட்டுப் பதில் வருவதற்குள் பேன் மாம்பலம்வரை போயிருக்கும். இரவு ஜெபம் இப்போது தானே சொல்கிறாள். பள்ளியில் சேர்க்க வேண்டுமென்று அக்கா சொல்கிறார்கள். அதையும் முடிவு செய்துவிடுவார்கள்.

தேவானந்தம்


பெல்கிரேட்
12 ஜூன் 1968

அன்புள்ள அத்தான்,

உங்கள் தந்தி கிடைத்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ரேடியோவில் என்ன சொன்னார்களோ தெரியாது, நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் விடுதிப் பிள்ளைகள் ஊர்வலமாக நகரத்துக்குப் புறப்பட்டார்கள். ரயில் பாதையின் அடியில் போகும் சுரங்க வழியில் போலீஸ் மறித்து அடித்தது. தலை உடைந்தவர்களை விடுதிச் சாப்பாட்டு அறையில் கிடத்தினார்கள். என் மேல்துண்டைக் கிழித்து ஒரு பெண்ணுக்குக் கட்டினேன். மறுநாளிலிருந்து வகுப்பு இல்லை. பல்கலைக்கழக முற்றத்தில் ஒரு வாரம் ஓயாத பேச்சு: எல்லோரும் சமம் என்றீர்களே, வேலை எங்கே, வீடு எங்கே? நான் மூலையில் நின்று கேட்டேன். இங்கே செர்பியா இப்போது தனி நாடில்லை. யூகோஸ்லாவியாவின் ஆறு குடியரசுகளில் ஒன்று. அதைப் பற்றியும் ஒரு பையன் எழுந்து கத்தினான், இன்னொருவன் அவனை உட்கார வைத்தான். எனக்குக் காலில் சக்கரம் கட்டிவிட்ட மாதிரி இருந்தது. ஒரே இடத்தில் நிற்காமல் முற்றத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

இப்போது எல்லாம் அடங்கிவிட்டது. காப்பகத்தைத் திறந்துவிட்டார்கள். 1835-ல் செர்பியர்கள் தாங்களே எழுதிய அரசியல் சட்டத்தை நேற்று வாசித்தேன். செர்பிய மண்ணில் கால் வைத்த கணத்தில் எந்த அடிமையும் சுதந்திர மனிதன் என்று அதில் ஒரு வரி இருக்கிறது. சுல்தானும் ரஷ்யாவும் ஆஸ்திரியாவும் சேர்ந்து சில வாரங்களிலேயே அந்தச் சட்டத்தைக் கொன்றுவிட்டன. மிலோஷுக்கும் அது போனதில் வருத்தமில்லை. அவருடைய கையையும் அது கட்டியது. பாருங்கள், நான் அவரைக் குருட்டுத்தனமாக மெச்சவில்லை.

பியூலாவுக்கு முடி வளர்ந்துவிட்டதா? ஒரு போட்டோ அனுப்புங்கள்.

ஜோதி


சேலையூர்
27 ஜூன் 1968

ஜோதி,

போட்டோ இதனுடன் இருக்கிறது. முடி வளர்ந்துவிட்டது.

போன வாரம் நடந்ததை எழுதாமல் விட நினைத்தேன், முடியவில்லை. கோவளத்திலிருந்து மீன் கொண்டுவரும் பொன்னியம்மாள் உனக்குத் தெரியும். வாசலில் கூடையை இறக்கிவிட்டுப் பியூலாவிடம் கேட்டாள்: "இன்னா கண்ணு, உங்கம்மா எங்க கீது?"

பியூலா சமையலறையைக் கையால் காட்டினாள். "அம்மா உள்ள வெங்காயம் உரிக்கிறாங்க."

"அது உங்க அத்தைம்மா. பெத்த அம்மா எங்க? ஏரோப்ளேன்ல போச்சே?"

பியூலா கூடையிலிருந்த மீனைத் தொட்டுப் பார்த்தாள். "அது ஜோதி" என்றாள்.

பொன்னியம்மாள் என்னைப் பார்த்தாள். "இன்னா சார் இது, இப்டி கீது? சீக்கிரம் வரச் சொல்லு சார். கொயந்த மறந்துகினு வருது" என்றாள். அக்கா உள்ளேயிருந்து வரவே இல்லை. விமானத்தைப் பார்த்துக் கை காட்டுவதை அவள் எப்போது நிறுத்தினாள் என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

அக்காவை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் சொல்லிக்கொடுத்து வந்ததல்ல அது. நீ ஒரு வருஷம் என்றாய். நான் சரி என்றேன். அக்டோபர் வரப்போகிறது. தலை உடைகிற ஊரில் இருந்தது போதும். டிக்கெட்டுக்குச் சொல்லிவிட்டாயா என்று மட்டும் எழுது.

தேவானந்தம்


பெல்கிரேட்
20 ஜூலை 1968

அத்தான்,

அந்தக் கடிதத்தை வாசித்துவிட்டுக் கோட்டை மேட்டுக்குப் போய் இருட்டும்வரை நடந்தேன். "அது ஜோதி." அவள் குரலிலேயே கேட்கிறது.

இதற்குப் பிறகு நான் கேட்கப் போவதைக் கேட்க எந்தத் தாய்க்கும் வாய் வராது. இன்னும் ஒரு வருஷம் வேண்டும். உதவித்தொகையை நீட்டிக்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். முதல் ஆறு மாதம் மொழியைப் படிப்பதிலேயே போய்விட்டது. பழைய கையெழுத்தை வாசிக்க இப்போதுதான் கண் பழகியிருக்கிறது. 1830-க்குப் பிறகு உள்ளதை நான் தொடவே இல்லை. உள்ளே தனி ஆட்சி, தலைக்கு மேலே கோட்டையில் அந்நியப் படை, முப்பத்தேழு வருஷம் இப்படியே இருந்திருக்கிறார்கள். நடுவில் ஒருமுறை கோட்டையிலிருந்து நகரத்தின்மேல் குண்டு போட்டிருக்கிறார்கள். அப்போதும் அவசரப்படாமல் ஐரோப்பாவின் ஒவ்வொரு அரசாங்கத்தின் வாசலிலும் போய் நின்று பேசி, கடைசியில் சாவியை வாங்கினார்கள். இந்தப் பகுதியை விட்டுவிட்டு வந்தால் நான் எழுதியது பாதிக் கதை. நீங்கள் வகுப்பில் சொல்கிற மாதிரி.

கடைசி வரி வேண்டாம் என்று அடிக்கப் பார்த்தேன். இருக்கட்டும். நான் எவ்வளவு கெட்டவளாகிவிட்டேன் என்று நீங்களும் பார்க்க வேண்டும்.

சம்மதம் என்று எழுதுங்கள்.

ஜோதி


சேலையூர்
5 ஆகஸ்ட் 1968

ஜோதி,

சம்மதம் இல்லை.

உன் செர்பியாவை என் வீட்டுக்குள் கொண்டுவராதே. இங்கே யாரும் யார் தலைக்கு மேலும் உட்கார்ந்திருக்கவில்லை. ஒரு குழந்தை இருக்கிறது, அவ்வளவுதான்.

தேவானந்தம்


பெல்கிரேட்
30 அக்டோபர் 1968

அத்தான்,

இது மூன்றாவது கடிதம். முந்தின இரண்டுக்கும் பதில் இல்லை. செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் ரஷ்ய டாங்கிகள் நுழைந்தபோது இங்கேயும் வரும் என்று எல்லோரும் ரொட்டியும் மாவும் வாங்கிச் சேர்த்தார்கள். அப்போதுகூட உங்களிடமிருந்து ஒரு வரி வரவில்லை.

உங்கள் சம்மதம் இல்லாமல்தான் தங்கியிருக்கிறேன். அதற்கான கோபத்தை என்னிடம் காட்டுங்கள். பியூலா எப்படி இருக்கிறாள் என்று மட்டும் யாராவது எழுதுங்கள். அக்கா எழுதினாலும் போதும்.

ஜோதி


பெல்கிரேட்
14 டிசம்பர் 1968

திரு. தேவானந்தம் அவர்களுக்கு,

நேற்று ஏசுபாதம் சாரைப் பார்த்தேன். நம் தெருக்கோடி வீட்டு ஏசுபாதம் சார்தான். அவருடைய கம்பெனி இங்கே ஏதோ இயந்திர ஒப்பந்தத்துக்கு ஒரு குழுவை அனுப்பியிருக்கிறது. தூதரகத்தில் என் விலாசத்தைக் கேட்டுக்கொண்டு விடுதிக்கே வந்துவிட்டார். ஒரு வருஷத்துக்கு மேலாகி நம் ஊர்த் தமிழைக் காதால் கேட்டேன். சந்தோஷத்தில் காப்பிக் கடைக்குக் கூட்டிப்போனேன்.

"என்னம்மா இப்படி இளைச்சுட்டே? இந்தக் குளிர் ஒத்துக்கலையா?" என்றார். பிறகு, "சரி, குழந்தை இப்ப நல்லா நடக்கறாளாமா?" என்றார்.

"நடக்கறாளாவா?"

"அதாம்மா, டைபாய்டுல படுத்து எழுந்தப்புறம் கால்ல வலுவே இல்லைன்னு தேவா சொன்னாரே. ஆஸ்பத்திரியில நானும் மிஸஸும் போய்ப் பார்த்தோம். ஐயோ, எலும்பும் தோலுமா..."

என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். "இப்ப பரவாயில்லம்மா. ஓடறா, ஆடறா. நான் கிளம்பும்போதுகூடப் பார்த்தேன்" என்று சொல்லிவிட்டு, ஆறிப்போன காப்பியை ஆற்ற ஆரம்பித்தார்.

என் பிள்ளை செத்துப் பிழைத்ததைத் தெருக்கோடி வீட்டுக்காரர் அறிவார். அவர் மனைவி அறிவார். பொன்னியம்மாள்கூட அறிந்திருப்பாள். நான் அறியவில்லை. கோபத்தில் எழுதாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்து நான் உங்களைச் சமாதானம் செய்து செய்து எழுதிக்கொண்டிருந்தேன். நான் தங்கியது தப்பென்றால் என்னைத் திட்டியிருக்கலாம். அவள் காய்ச்சலை என்னிடமிருந்து மறைக்க உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

ஞானஜோதி


சேலையூர்
16 ஜனவரி 1969

ஜோதி,

நேற்று முன்தினம் பொங்கல். அன்றிலிருந்து நம் மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு. தெருவெல்லாம் கொடி கட்டியிருந்தார்கள். அடுத்த வாரம் பள்ளியில் இதைப் பற்றிப் பேச என்னைக் கேட்டிருக்கிறார்கள். இப்படியே இன்னும் ஒரு பக்கம் எழுதி நழுவிவிடுவேன். வேண்டாம்.

அக்டோபர் கடைசியில் காய்ச்சல் வந்தது. முதலில் சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்தோம். பிறகு நினைவு தப்பியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அக்கா அவள் கட்டிலைவிட்டு நகரவில்லை. ஒரு மத்தியானம் என்னைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டார்கள். "ஒரு தந்தி அடி தேவா" என்றார்கள். "அடிச்சா அடுத்த விமானத்துல வந்துருவா. அதோட இந்தப் படிப்பும் முடிஞ்சுது, உன் கஷ்டமும் முடிஞ்சுது."

தாம்பரம் தபாலாபீசுக்கு நடந்தேன். தந்தி ஃபாரத்தில் உன் விலாசத்தை எழுதினேன். 'பியூலா கவலைக்கிடம் உடனே வா.' என் முறை வரும்வரை வரிசையில் நின்றேன். அப்போது எனக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது ஜோதி. நீ வந்தாக வேண்டும், ஜெயித்துவிட்டோம் என்று. பிள்ளை அங்கே நினைவில்லாமல் கிடக்கிறாள். நான் வரிசையில் நின்று ஜெயித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கே பயமாகிவிட்டது. ஃபாரத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பினேன்.

அடிக்காதது சரி என்று சொல்ல மாட்டேன். எந்தக் காரணத்துக்காக அடித்திருந்தாலும் நீ தெரிந்துகொண்டிருக்க வேண்டிய செய்தி அது. பிழைத்துவிட்டாள் என்று டாக்டர் சொன்ன அன்று எழுத உட்கார்ந்தேன். முன்னாலேயே ஏன் எழுதவில்லை என்பதற்கு ஒரு வரி அமையவில்லை. மறுநாளும் அமையவில்லை. பிறகு தபால்காரரைப் பார்த்தாலே உள்ளே போய்விடப் பழகிக்கொண்டேன்.

இப்போது ஓடுகிறாள். சத்தியமாக.

தேவானந்தம்


பெல்கிரேட்
2 பிப்ரவரி 1969

அத்தான்,

நீங்கள் சந்தோஷப்பட்டதைக்கூட என்னால் மறந்துவிட முடியும் போலிருக்கிறது. மறைத்ததை முடியவில்லை. எழுந்தால் அதுதான், படுத்தால் அதுதான்.

வந்துவிடுகிறேன். பேராசிரியரிடம் சொல்லிவிட்டேன். மார்ச் முதல் வாரத்தில் விமானத்தில் இடம் இருக்கிறது. குறிப்புகளைப் பெட்டியில் அடுக்கிவிட்டேன். மிலேவா வந்து பார்த்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தொபோலா சண்டைக்குப் பிறகு அவர் என் அறைக்கு வருவது இதுதான் முதல் தடவை. போகும்போது, "முடிக்காம போறியா? உன் மிலோஷ் இப்படிச் செய்யமாட்டான்" என்றார். சிரிக்கத்தான் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஜோதி


சேலையூர்
13 பிப்ரவரி 1969

ஜோதி,

வராதே. இது கோபமில்லை, சவாலும் இல்லை.

இப்போது வந்தாயானால் நீ பியூலாவுக்காக வந்தாய் என்று இருக்காது. நான் அன்று கிழித்துப்போட்ட தந்தியே உன்னைக் கூட்டிவந்த மாதிரி ஆகும். உன் பெட்டிக்குள் பாதியில் நிற்கும் அந்தக் காகிதங்கள் நாம் சாகும்வரை நம் நடுவில் கிடக்கும். எனக்கு அது வேண்டாம்.

இன்னொன்று. சாவி வாங்கிய கதையை எனக்கே வாசிக்க வேண்டியிருக்கிறது. 1830-லிருந்து 67 வரை என்ன நடந்தது என்று உண்மையிலேயே எனக்குத் தெரியாது. அங்கே வர வேண்டும் என்று எனக்கு இருந்த ஆசை எவ்வளவு என்று உன்னிடம்கூட நான் சொன்னதில்லை. எனக்குப் பதிலாக நீ போனதில் எரிச்சல் இருந்தது. அதையெல்லாம் பியூலாவின் பெயரில் உன்மேல் கொட்டினேன்.

ஜூனில் பள்ளி திறக்கும்போது அக்கா படப்பைக்குத் திரும்ப வேண்டும். அதற்குமேல் அவர்களுக்கு லீவு இல்லை. நானே பார்த்துக்கொள்வேன். தலை பின்னக் கற்றுக்கொண்டிருக்கிறேன். இனி வாராவாரம் எழுதுவேன்: அவள் தும்மினாலும் எழுதுவேன், பல் விழுந்தாலும் எழுதுவேன். நீ முடித்துவிட்டு வா.

தேவானந்தம்


பெல்கிரேட்
9 ஆகஸ்ட் 1969

அன்புள்ள அத்தான்,

முடித்துவிட்டேன். 1878-ல் பெர்லின் மாநாட்டில் மற்ற அரசாங்கங்கள் செர்பியாவைத் தனி நாடென்று ஏற்றுக்கொண்டது வரை எழுதியிருக்கிறேன். எழுபத்து நான்கு வருஷம்! சாவி கைமாறிய பிறகும் பல வருஷம் கோட்டையில் செர்பியக் கொடியோடு சுல்தானின் கொடியும் பறந்திருக்கிறது. கராஜோர்ஜேக்கு ஓர் அத்தியாயம் முழுதாகக் கொடுத்திருக்கிறேன். அவர் எழுந்திருக்காவிட்டால் மிலோஷுக்குப் பேரம் பேசக் கையில் ஒன்றும் இருந்திருக்காது. இதைக் கேட்ட மிலேவா எனக்கு ஒரு பாட்டில் பிளம் பழச் சாராயம் கொடுத்திருக்கிறார். உங்களுக்காம்.

மாதக் கடைசியில் மீனம்பாக்கத்தில் இறங்குகிறேன். அக்கா போன பிறகு பியூலா ராத்திரி எழுந்து உட்கார்ந்திருக்கிறாள் என்று எழுதியிருந்தீர்களே, அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவளை என்னிடம் போகச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள்.

ஜோதி


படப்பை
12 அக்டோபர் 1969

அன்புள்ள அத்தான்,

பஸ் நிலையத்தில் நீங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "ரெண்டு வருஷம் கழிச்சு வந்து, ஒரே மாசத்துல தோத்துப்போய்ப் போறே." பஸ் புறப்பட்டுவிட்டதால் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன்.

சேலையூரில் அவள் என்னிடம் எப்படி இருந்தாள் என்று பார்த்தீர்களே. நான் ஊட்டினால் சாப்பிட்டாள், உடுத்திவிட்டால் உடுத்திக்கொண்டாள். "நீங்க தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டாள். ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பெற்றவளிடம் அவ்வளவு மரியாதை! ராத்திரியானால் கதவைப் பார்த்துக்கொண்டு அக்காவுக்காக அழுதாள். அக்காவைப் பார்க்கவிடாமல் வைத்திருந்தால் நாளடைவில் மறப்பாள், என்னிடம் வருவாள் என்று நீங்கள் சொன்னீர்கள். மறப்பாள்தான். என்னை மறந்த மாதிரி. அதை இன்னொரு தரம் அவளுக்குச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. நான் வேலை பார்க்கும் கல்லூரியில் லீவு மிச்சம் இருந்ததால் அவளைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்தேன்.

முதல் இரண்டு நாள் அக்கா என்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது திடீரென்று சொன்னார்கள்: "நான் உன் பிள்ளையைப் பிடுங்கலை ஜோதி. ஆனா தந்தி அடிக்கச் சொன்னது நான்தான். தேவா உனக்கு எழுதியிருப்பான்."

"எழுதினார் அக்கா."

"அப்புறம் எதுக்கு இங்க வந்தே?"

"அவளுக்கு நீங்க வேணும். எனக்கு அவ வேணும்."

அக்கா துணியைப் பிழிந்துகொண்டே இருந்தார்கள். தண்ணீர் எல்லாம் போன பிறகும் பிழிந்தார்கள். "அவ தூங்கும்போது காதைத் தடவணும். இல்லைனா தூங்கமாட்டா. உனக்கு அது தெரியாதில்ல" என்றார்கள். தெரியாது. நான் விட்டுப்போனபோது அவளுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

அக்கா பள்ளிக்குப் போனதும் நாங்கள் இருவரும்தான். அவள் மண்ணில் விளையாடுவாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து என் ஆய்வைத் தமிழில் புத்தகமாக எழுதிக்கொண்டிருப்பேன். கூப்பிட மாட்டேன். போன வாரம் தானாகவே வந்து காகிதத்தை எட்டிப் பார்த்தாள். யார் கதை என்று கேட்டாள். பன்றி வியாபாரி ஒருத்தர் ராஜாவை எதிர்த்துச் சண்டை போட்ட கதை என்றேன். பன்றி என்ன ஆச்சு என்றாள். அதை இத்தனை நாளில் நான் எந்த ஆவணத்திலும் தேடவில்லை என்று ஒப்புக்கொண்டேன். இருவரும் சிரித்தோம்.

இன்று சந்தை. அக்காவுக்குத் தலைவலி என்று எங்கள் இருவரையும் அனுப்பினார்கள். தலைவலி நிஜமா என்று எனக்குச் சந்தேகம். காய்க்காரி கங்கம்மாவுக்குப் பியூலாவைத் தெரிந்திருக்கிறது. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இது யாரு பாப்பா? புது ஆளா கீது?" என்றாள்.

நான் கத்தரிக்காயைப் பொறுக்கிக்கொண்டு குனிந்தே இருந்தேன். நிமிரவில்லை. பியூலா என் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "இவங்க ஜோதியம்மா. புதுசு."

சனிக்கிழமை பள்ளி விட்டதும் வாருங்கள். அக்கா மீன் குழம்பு வைக்கிறார்களாம். நான் அடுப்பங்கரைப் பக்கம் போகப் போவதில்லை. இங்கே இன்னும் நான் விருந்தாளிதான்.

ஜோதி